கையெழுத்துக் கேட்கும் கதவருகே: உயிரின் கடைசிக் கட்ட முடிவுகளுக்கு ஒரு வழிகாட்டி

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு பாதி திறந்தது. செவிலியர் ஒரு தாளை நீட்டினார். "தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். மகள்தானே? இங்கே கையெழுத்துப் போடுங்கள்." அப்பாவுக்கு அப்போது 81 வயது. இரண்டாவது பக்கவாதம், அதன்மேல் நிமோனியா, வென்டிலேட்டரில் 12ஆம் நாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டப்பட்டிருந்தன. மூக்குக் குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டாராம். மணிக்கட்டில் துணி அழுத்திய தடம் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு அப்பா 41 நாட்கள் இருந்தார். கட்டு அவிழவே இல்லை.

போட்டது தவறா சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எதை யோசிக்க வேண்டும் என்றே தெரியாமல் போட்டேன், உறுத்துவது அதுதான். ஆறு வருடம் கழித்து அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது யோசிக்க நேரம் இருந்தது, கேட்க அம்மாவும் இருந்தார். அந்த இரண்டு மரணங்களுக்கு நடுவில் கற்றதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் மருத்துவரும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியாவுக்கு உரியது.

முதல் படி: கேள்வியை மாற்றுங்கள்

"என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று மருத்துவர் கேட்டதும் குடும்பம் தன் மனதைத் துழாவ ஆரம்பிக்கிறது. அப்பாவை விட முடியுமா, ஊர் என்ன பேசும், தம்பி வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தன் பயத்துக்குப் பதில் தேடுகிறோம். படுத்திருப்பவர் அந்தப் பேச்சிலேயே இருப்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அப்பா ஐந்து நிமிடம் தெளிவாக எழுந்து உட்கார்ந்து, தன் நிலைமை முழுவதையும் கேட்டுக்கொண்டால், என்ன சொல்லுவார்? இந்த ஒரு கேள்வி சபையின் போக்கையே மாற்றிவிடும். "நீ அவரைக் கொல்லப் பார்க்கிறாய்", "நீ அவரை வதைக்கிறாய்" என்று அண்ணன் தங்கைகள் மோதிக்கொள்வது நின்று, "பெரியப்பா கிடையில் கிடந்தபோது அப்பா என்ன சொன்னார், நினைவிருக்கிறதா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

அந்த நினைவுகள்தான் சான்று. பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்ன சொல், கண் அறுவைக்கே எத்தனை முறை யோசித்தார் என்பது, எது போனால் வாழ்க்கையே போனதுபோல் நினைப்பார் என்பது. என் அப்பா 60 வயதுக்கு மேலும் சட்டையைத் தானே இஸ்திரி போட்டவர். கால் பிடித்துவிடக்கூட யாரையும் அனுமதித்ததில்லை. அந்த மனிதரை அந்தக் கட்டிலோடு சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை.

அவர் மனது உண்மையிலேயே தெரியவில்லை என்றால், அல்லது நோயாளி சிறு குழந்தை என்றால், அடுத்த கேள்விக்கு வாருங்கள்: இந்தச் சிகிச்சையால் அவருக்குக் கிடைக்கும் நன்மை பெரிதா, அவர் படும் பாடு பெரிதா? நம் மன ஆறுதல் அந்தத் தராசில் ஏறக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "யாருக்கும் பாரமாக இல்லாமல் போய்ச்சேர வேண்டும்" என்று நம் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சிகிச்சை வேண்டாம் என்ற அறிவுறுத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வேளைகளில் அது "நான் பாரமாக இருக்கிறேனா?" என்ற கேள்வி. மருமகள் முகம் சுளித்த அன்று வரும் சொல் அது, மனச்சோர்விலும் வரும். நம் தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில், படுத்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் கொடுமை நடந்திருக்கிறது. அங்கே முதியவரை யாரும் கேட்பதில்லை. சாவு நெருங்காதவருக்கும் அது நடக்கும். சாவை வரவழைப்பதே நோக்கம். ஆகவே "பாரம்" என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் பாரத்தைக் குறையுங்கள். இரவில் மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள், வலிக்கு மருந்து, பக்கத்தில் உட்கார ஒருவர். அதற்குப் பிறகும் அவர் தெளிந்த மனதோடு "எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்" என்றால், அது வேறு பேச்சு.

இரண்டாம் படி: சொற்களைப் பிரித்து அறியுங்கள்

மூளைச்சாவு, கோமா, நினைவற்ற நிலை என்ற மூன்றையும் நம் வீடுகளில் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். மூளைச்சாவு என்பது மரணம். மூளைத்தண்டு மீளமுடியாமல் செயலிழந்துவிட்டது. மார்பு ஏறி இறங்குவது இயந்திரத்தால். மூளைச்சாவுச் சான்றுக்கு 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் நான்கு மருத்துவர்களைக் கேட்கிறது. சோதனைகள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்யப்பட வேண்டும். அங்கே உறுப்பு தானம் பற்றிய முடிவு இருக்கலாம், வாழ்வா சாவா என்ற முடிவு இல்லை. கோமாவில் இருப்பவர் உயிரோடு இருப்பவர். சிலர் மீள்வார்கள். நினைவற்ற நிலையில், அதாவது கண் விழித்தும் சுற்றியிருப்பதை உணராமல், பல ஆண்டுகள் கிடப்பவர்களும் உயிரோடு இருப்பவர்களே. "மூளை வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எது என்று நேராகக் கேளுங்கள்.

அடுத்த சொல், கருணைக்கொலை. செய்தித்தாள்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் போடுகின்றன. விஷ ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கும் இதே பெயர். பயனில்லாத வென்டிலேட்டரை எடுத்துவிட்டு நோயின் போக்கில் விடுவதற்கும் இதே பெயர். முன்னது இந்தியாவில் குற்றம். பின்னதை உரிய நடைமுறையோடு உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால் எத்தனை மகள்கள் மருத்துவமனை வராந்தாவில் தங்களைக் கொலைகாரிகளாக நினைத்து நின்றிருப்பார்கள்! அந்தச் சொல்லை வீட்டில் பேசாதீர்கள். "சிகிச்சையை நிறுத்துவது" என்று சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மருத்துவரை உட்காரவைத்துக் கேளுங்கள்

வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பேசும் பேச்சில் எதுவும் தெளியாது. "20 நிமிடம் வேண்டும், குடும்பத்தில் மூன்று பேர் வருவோம்" என்று நேரம் வாங்குங்கள். குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். நான் அம்மாவுக்காகக் கேட்டவை இவை.

இந்தச் சிகிச்சை நோயைத் தீர்க்குமா, நாளைத் தள்ளிப்போடுமா, வேதனையைக் குறைக்குமா? நல்லபடியாக நடந்தால் மூன்று மாதத்தில் எப்படி இருப்பார்? மோசமாக நடந்தால் எப்படி? நீங்கள் எதிர்பார்ப்பது இரண்டில் எது? செய்யாமல் விட்டால் என்னென்ன தொல்லை வரும், அதற்கு மருந்து உண்டா?

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று ஒன்று கிடையவே கிடையாது. இயந்திரம் வேண்டாம் என்றாலும் வலிக்கு, மூச்சுத்திணறலுக்கு, குமட்டலுக்கு, பதற்றத்துக்கு மருத்துவம் தொடரும். பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி நிவாரணச் சிகிச்சைக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தப் பராமரிப்பைத் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மருத்துவருக்கே உறுதியாகத் தெரியாத நிலை வரும். அப்போது கெடு வைத்து முயலுங்கள். "ஐந்து நாள் வென்டிலேட்டரில் வைப்போம். சுயமாக மூச்சு விடுவதில் இன்ன முன்னேற்றம் தெரிந்தால் தொடர்வோம், இல்லாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்." எதை முன்னேற்றம் என்று கொள்வது என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா விஷயத்தில் எங்களிடம் கெடுவும் இல்லை, அளவுகோலும் இல்லை. நாள் ஏறியது, கட்டணம் ஏறியது, ஒவ்வொரு காலையும் "அப்படியேதான் இருக்கிறார்" என்றார்கள்.

நான்காம் படி: யார் பேசுவது?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் ஒரு ஊழியரின் கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை மறுத்தது. அதே தீர்ப்பு, உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொதுவில் வழியும் திறந்தது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொன்று. அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு, அத்தனை ஆண்டு அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த செவிலியர்களும் ஊழியர்களுமே அவருக்கு நெருங்கியவர்கள் என்று நீதிமன்றம் கண்டது. அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள்.

நம் குடும்பங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். உடனிருந்து மலம் அள்ளிய மருமகளின் கருத்தை யாரும் கேட்பதில்லை. விமானத்தில் வந்திறங்கிய மகன் "எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்று ஆணையிடுகிறார். டொராண்டோவிலிருந்து என் தம்பியும் அப்படித்தான் சொன்னான். அதில் அவனுடைய குற்ற உணர்வு இருந்தது; கூட இருக்க முடியாத பிள்ளைக்கு வேறெப்படி அன்பைக் காட்டுவது? அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அம்மாவின் முறை வந்தபோது, முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் தினமும் அவனுக்கு வீடியோவில் அம்மாவைக் காட்டினேன். கால் வீக்கத்தை, சோறு இறங்காததை, நடுவில் வரும் சிரிப்பையும். நான்காம் நாள் அவனே சொன்னான்: "அக்கா, அம்மா சொல்வதைக் கேட்போம்."

ஐந்தாம் படி: மனசாட்சியின் முடிச்சுகள்

இது ஒவ்வொரு குடும்பமும் தடுக்கி விழும் இடம். அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் முடிச்சு, ஆரம்பித்ததை நிறுத்தலாமா. "வைக்காமல் விட்டிருக்கலாம், வைத்த பிறகு எடுப்பது பாவம்" என்று தோன்றும். என் மனமும் அப்படித்தான் சொன்னது. கை சுவிட்சுக்குப் போகும்போது நாமே சாவைக் கொடுப்பதுபோல் இருக்கிறது. ஆனால் ஒரு சிகிச்சை பயன்தரவில்லை என்பது அதை ஆரம்பிக்காமல் இருக்க நல்ல காரணம் என்றால், நிறுத்தவும் அதே காரணம் போதுமே? இன்னும் ஒன்றை யோசியுங்கள். ஒருமுறை வைத்தால் எடுக்கவே கூடாது என்றால், பிழைக்க வாய்ப்புள்ளவருக்கும் வைக்கக் குடும்பங்கள் அஞ்சும். நிறுத்த முடியும் என்பதால்தான் துணிந்து முயல முடிகிறது.

இரண்டாவது முடிச்சு, சோறு. "பெற்ற பிள்ளையே பட்டினி போடுவதா?" என்று அத்தை கேட்டார். நம் ஊரில் இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. ஊட்டுவதுதான் நமக்கு அன்பு. இதில் நேர்மையானவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடைசி வரை அசாதாரணமான மருத்துவ வழிகளைக் கையாள வேண்டிய கட்டாயமில்லை என்று 1957இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்களிடம் கூறினார். 2004இல் போப் இரண்டாம் ஜான் பால், நினைவற்ற நிலையில் உள்ளவருக்குக் குழாய் வழி உணவு பொதுவாகச் சாதாரணப் பராமரிப்பே என்றார். இந்திய, அமெரிக்க நீதிமன்றங்களோ அதை மருத்துவச் சிகிச்சையாகவே பார்க்கின்றன. என் நிலைப்பாடு இது: மூக்குக் குழாயில் ஊற்றும் கஞ்சி, ஊட்டல் அல்ல. அதில் ருசி இல்லை, நாக்கு இல்லை. முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்கிறார்கள். உயிர் அடங்கும் வேளையில் உடம்பு பசியை விட்டுவிடுகிறது. அவர் உண்ணாததால் சாகவில்லை; சாவு நெருங்குவதால் உண்ணவில்லை. இதை அத்தைக்குச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. ஆனாலும் மறுநாள் இளநீர் எடுத்து வந்து, ஸ்பூனில் அம்மாவின் உதட்டை நனைத்தார்.

மூன்றாவது, மார்ஃபின் என்ற வலி மருந்து. "அந்த ஊசி போட்டால் போய்விடுவார்" என்ற பயத்தில் வலியால் துடிக்கவிடுகிறோம். தேர்ந்த மருத்துவர் வலிக்கேற்ப அளந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை. சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அது தேங்கும் என்பதால் அவர்களுக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அம்மாவுக்கு அப்படித்தான் மாற்றினார்கள். வலியைப் போக்கும் எண்ணத்தோடு, வலிக்குத் தேவையான அளவே கொடுத்தால், அதனால் தூக்கம் கூடினாலும் குற்றமில்லை. அளவைப் பாருங்கள், எண்ணம் தெரிந்துவிடும்.

கடைசி முடிச்சு, பணம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் அதையே நினைக்கிறார்கள். சொல்லுங்கள். நிலத்தை விற்று வென்டிலேட்டருக்குக் கட்டுவதை அப்பா விரும்புவாரா என்று கேட்பது பாவமே இல்லை, அந்த நிலத்தை உழைத்து வாங்கியவர் அவர். ஆனால் நேர்மையாக இருங்கள். பிழைக்க வாய்ப்பிருந்தும் பணமில்லை என்றால் அதற்குப் பெயர் வறுமை. அங்கே அரசு மருத்துவமனையையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் தேடி ஓட வேண்டும். "நிம்மதியாகப் போகட்டும்" என்று பூசி மெழுகக் கூடாது.

ஆறாம் படி: சட்டத்தின் வழி

கௌரவத்தோடு இறக்கும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நடைமுறை கடுமையாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கினார்கள்.

தெளிந்த மனதோடு இருப்பவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம். எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. அம்மா டயாலிசிஸை மறுத்தது அப்படித்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று மருத்துவர் விளக்கியதும், "அந்த நேரத்தில் நான் என் திண்ணையில் இருக்கிறேன்" என்றார். மருத்துவர் மூன்று வெவ்வேறு நாட்களில் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைக் குறித்துக்கொண்டார். அப்படி மறுபடி மறுபடி கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

நோயாளியால் சொல்ல முடியாத நிலையில், மீள வாய்ப்பில்லை என்றால், மருத்துவமனை முதலில் ஒரு மருத்துவக் குழுவை அமைக்கும்: சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும். அவர்கள் ஒப்பினால் இரண்டாவது குழு பார்க்கும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் முதல் குழுவில் இல்லாத இரண்டு வல்லுநர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும். நிறுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் போக வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். எழுதிவைத்த அறிவுறுத்தல் இல்லாதவருக்கும் இதே வழி உண்டு.

பல மருத்துவமனைகள் இதற்குப் பயந்து "உங்கள் விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள்" என்கின்றன. ஆம்புலன்சில் மூச்சுத்திணற வீட்டுக்கு வரும் மரணம் அதில்தான் நேர்கிறது. அழைத்துப் போவதாக முடிவெடுத்தால், வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கையில் வாங்காமல், வீட்டில் யார் வந்து பார்ப்பார் என்று தெரியாமல் கிளம்பாதீர்கள்.

ஏழாம் படி: கடைசி நாட்கள்

முடிவெடுத்த பிறகு செய்ய நிறைய இருக்கிறது. வாய் உலரும்; ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடையுங்கள். தொண்டையில் கரகரப்பு கேட்கும். பார்க்கிறவருக்குத்தான் அது பயங்கரம், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். கேட்கும் திறன் கடைசிவரை இருக்கக்கூடும் என்று எண்ணியே பேசுங்கள். சொத்துப் பேச்சை அந்த அறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இனி பிழைக்க மாட்டார் என்று தெரிந்த பிறகும், இதயம் நின்றால் அவசரத்தில் மார்பை அழுத்துவார்கள், முதியவர்களுக்கு விலா எலும்பு உடைவது சாதாரணம். அது வேண்டாம் என்றால் முன்பே மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பால் ஊற்றும் சடங்கு உங்கள் வீட்டில் உண்டென்றால், விழுங்க முடியாதவருக்கு ஒரு துளி உதட்டில் போதும்.

எட்டாம் படி: உங்களுக்கென்று எழுதுங்கள்

18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருக்கும் யாரும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதலாம். லிவிங் வில் என்றும் சொல்வார்கள். எந்தெந்த நிலையில் எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் திட்டவட்டமாக எழுதுங்கள். "குழாய் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால் ஒரு வாரத்தில் குணமாகும் நிமோனியாவிலும் அது குறுக்கே நிற்கும். உங்களுக்காக முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டவர்களைப் பெயர் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெறுங்கள். பிரதிகள் குடும்ப மருத்துவருக்கும், பெயர் குறிப்பிட்டவர்களுக்கும், உள்ளாட்சி அமைப்பில் இதற்கென நியமிக்கப்பட்டவருக்கும். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

பெயர் குறிப்பிடும்போது மிகவும் பாசமுள்ளவரைத் தேடாதீர்கள். அழுதுகொண்டேயானாலும் உங்கள் சொல்லை உங்கள் சொல்லாகவே மருத்துவரிடம் ஒப்பிக்கக் கூடியவரைத் தேடுங்கள். நான் இரண்டாவது மகளின் பெயரை எழுதினேன். மூத்தவளிடம் ஏன் என்று முன்பே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு சாட்சிகளுக்கு அவளே காபி போட்டாள்.

என் தாளில் நாலாவது வரி இது: "எந்த நிலையிலும் என் கைகளைக் கட்ட வேண்டாம். குழாயை நான் பிடுங்கினால், ஏன் பிடுங்குகிறேன் என்று முதலில் யோசியுங்கள்." அது சட்ட மொழி அல்ல என்று நோட்டரி சொன்னார். இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். வீட்டுப் பத்திரமும் ரேஷன் அட்டையும் இருக்கும் அதே துணிப்பையில் அது இருக்கிறது, இரண்டு மகள்களுக்கும் இடம் தெரியும்.